நீலத் தொட்டியை உடைத்தவள்

“அம்மா...! இங்க வா! இது என்னது?”

காப்பி டம்ளரோடு அடுக்களை வாசலில் நின்றிருந்த ஆவுடைத்தாய்க்கு அந்தச் சத்தத்திலேயே விஷயம் விளங்கிவிட்டது. தளவாய் குளியலறையைத் திறந்துவிட்டான். விடியற்காலை ஷார்ஜா விமானத்தில் வந்து இறங்கிய பிள்ளை, பெட்டியைக்கூடத் திறக்காமல் முகம் கழுவப் போயிருந்தான். இரண்டு வருஷம் கழித்து வந்த மகன் முதலில் ஒரு வாய் காப்பி குடிக்கட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் நினைத்திருந்தாள். அவள் நினைத்தபடி என்றைக்கு எது நடந்திருக்கிறது!

“நா அனுப்பின பாத்டப் எங்கம்மா?”

அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள். நீல நிறத்தில் பளபளவென்று தொட்டி கிடந்த மூலை இப்போது வெறும் தரையாக இருந்தது. சாம்பல் நிறத்தில் சொரசொரப்பான டைல்ஸ், சுவரில் பிடித்துக்கொள்ள இரண்டு ஸ்டீல் கம்பி, ஷவருக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கதவிலிருந்து நாற்காலி வரைக்கும் கால் தட்டுவதற்கு ஒன்றுமே கிடையாது.

“ஒங்கப்பாக்குக் காலு தூக்கி உள்ள வைக்க முடியல மக்ளே... அதான் எடுத்திட்டேன்.”

“எடுத்திட்டியா? யார்ட்ட கேட்ட? இதுக்கெல்லாம் ரூவா?”

பதில் கூடத்திலிருந்து வந்தது. நாத்தனார் முத்தாரம்மாள் இரண்டு தெரு தள்ளி இருக்கிறவள். அண்ணன் மகன் வருகிறான் என்று விடியும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள்.

“ரூவா என்ன, மானத்துலேருந்தா விழுந்துது? கண்ணு ஆபரேஷனுக்குன்னு நீ அனுப்பின இருவத்தஞ்சாயிரந்தான்! அந்த டப்பு இப்பம் எங்க கெடக்குன்னு கேளு மக்ளே... பால்காரி ஓமனா வீட்டு மாடு அதுல வெள்ளம் குடிக்கு! கப்பல்ல வந்த சாமானம்!”

தளவாயின் முகம் சிவந்தது.

“ஒங் கண்ணுக்குத் தந்த காசும்மா அது! சுமியோட வளையல வச்சு அனுப்பினேன், தெரியுமா ஒனக்கு?”

மருமகள் வளையல் அடகுக்குப் போனது அவளுக்குத் தெரியாது. அவளிடம் யார் எதைச் சொல்கிறார்கள்? “ஒரு கண்ணு நல்லாத் தெரியுதுலா... சாரமில்ல, அது போதும்” என்று மெதுவாகச் சொன்னாள்.

“ஒங்கிட்ட பேசிப் பிரயோஜனமில்ல. அப்பாவுக்குத் துணியெல்லாம் எடுத்து வையி. பதினோரு மணிக்கு முதியோர் ஹோம்லேருந்து வண்டி வரும்.”

அவள் சட்டென்று திரும்பினாள். காப்பி அவள் விரலில் கொட்டியது. யாரும் பார்க்கவில்லை.

உள் அறையில் தாணுமாலையன் கட்டிலில் சாய்ந்து கிடந்தார். சாலை பஜாரில் முப்பத்தைந்து வருஷம் பாத்திரக்கடை நடத்திய மனிதர். காலையும் மாலையும் பச்சைத் தண்ணீரில் குளிக்காமல் ஒரு வாய் சோறு இறங்காது. பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாக வலது பக்கம் அசைவில்லை. பேச்சும் போயிற்று. ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல் மட்டும் தெளிவாக வரும், மற்றதெல்லாம் குழறல். பேசினால் பிறர் சிரிப்பார்கள் என்று வாயையே திறப்பதில்லை. கடையில் அவர் குரலுக்கு நடுங்காத ஆள் கிடையாது. அந்தப் பெருமை மட்டும் உடம்பில் ஒரு பக்கமும் செத்துப்போகவில்லை!

இப்படிப்பட்டவரோடு அவள் தனியாக இரண்டு வருஷம். பக்கத்து வீட்டு மலையாளத்தார் நல்லவர்கள்தான், ‘சுகந்தன்னே?’ என்று மதில் மேலாக நலம் கேட்டுவிட்டுப் போவார்கள். வெள்ளிக்கிழமை ஷார்ஜாவிலிருந்து போன் வரும். ‘அப்பா எப்படி இருக்கா? மருந்து குடுக்கியா?’ மூன்று நிமிஷம். அதற்கப்புறம் அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் அவள் பேசுவது அடுப்போடும் அண்டாவோடும்தான். சில நாள் சாயங்காலம் தன் குரலைத் தானே கேட்கவேண்டும் என்று சும்மாவே ‘யாரு?’ என்று வாசலைப் பார்த்துக் கூப்பிடுவாள். யாரும் இருக்கமாட்டார்கள்.

“மைனி, கோவப்படாதீங்கோ” என்று முத்தாரம்மாள் அருகில் வந்து நின்றாள். “நா ஒள்ளதச் சொல்லுகேன். ஐப்பசியில எங்கண்ணன ஒத்தையில பூட்டிப் போட்டுட்டு பழவங்காடி கோயிலுக்குப் போனியளே... தேங்கா எறிஞ்ச எடத்துல வழுக்கி விழுந்து கையொடிச்சிட்டு வந்தியளே... அன்னைக்கே நா தளவாய்க்கு போன் செஞ்சு சொல்லிட்டேன், ‘ஒங்கம்மையால இனி முடியாது, ஒங்கப்பனுக்கு ஒரு வழி பாரு’ன்னு. நோயாளிய விட்டுட்டுக் கும்பிடப் போனா பிள்ளையாரு பொறுப்பாரா?”

ஆவுடைத்தாய் காப்பி கொட்டிய விரலை முந்தானையில் துடைத்தாள். பழவங்காடியில் வேண்டுதல்காரர்கள் தேங்காய் எறிந்து உடைக்கிற இடத்தில் எந்த நேரமும் இளநீரும் சில்லுமாகக் கிடக்கும். அங்கே வழுக்கினேன் என்றால் யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள் என்றுதான் அந்தப் பொய்யைச் சொன்னாள். புருஷனைத் தனியே விட்டுப் போனவள் என்ற பழி அதிலேயே ஒட்டிக்கொண்டு வரும் என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

நடந்தது வேறு. அன்றைக்கு அவரைத் தொட்டியின் விளிம்பில் உட்கார வைத்து, இடது காலை உள்ளே விட்டு, தானும் தொட்டிக்குள் நின்று வலது காலைத் தூக்கினாள். தினமும் செய்கிறதுதான். சோப்பு ஈரத்தில் அவள் கால் வழுக்கியது. அவள் தொட்டிக்குள் மல்லாந்து விழ, அவர் அவள்மேல் விழுந்தார். இடது மணிக்கட்டு நொறுங்கிய சத்தம் அவளுக்கே கேட்டது. அவர் உடம்பில் ஒரு துணி இல்லை. அவளால் அசைய முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஓமனா வந்து மணி அடித்தாள். “சேச்சியே... பால்!”

ஒரு கூப்பாடு போட்டிருந்தால் போதும். வாயைத் திறந்தாள்... அவருடைய இடது கை வந்து அவள் வாயைப் பொத்தியது. அந்தக் கண்களில் அப்படி ஒரு கெஞ்சல்! “வேண்டாம்... வேண்டாம்...” ஓமனா இன்னொரு தடவை கூப்பிட்டுவிட்டுப் பாலை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கேட் மூடுகிற சத்தம் கேட்டது.

ஒரு மணி நேரம் அப்படியே கிடந்தார்கள். கடைசியில் காலை நீட்டிக் கால்விரலால் குழாயைத் திருகினாள். தண்ணீர் மெல்ல ஏறியது. அவர் கனம் குறைந்து லேசாகி மிதந்தபோது அவள் அடியிலிருந்து நழுவி வெளியே வந்தாள். பிறகு ஒற்றைக் கையால் அவரை எப்படிக் கரை சேர்த்தாள் என்பது கடவுளுக்குத்தான் தெரியும். துடைத்து, உடுத்தி, கட்டிலில் படுக்க வைத்தபிறகுதான் அழுதாள். அவர் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அதையே சொன்னார். யாரிடமும் சொல்லவேண்டாம்.

சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை தளவாய் போனில் முடிவையே சொன்னான். “அப்பாவ ஹோம்ல சேப்போம். நீ இங்க வந்திரு, பிள்ளையப் பாத்துக்கிட சுமிக்கு ஒத்தாசையா இருக்கும்.” நாலு மாசம் பொறு என்று கெஞ்சினாள். கைக்கட்டு அவிழ்ந்த மறுநாளே கொத்தனார் யோசுவாவை வரச் சொன்னாள்.

“டப்ப எடுக்கது ஒரு நாள் வேலதான் அக்கா. பின்ன அடியில தரைய வெட்டணும், பைப்ப மாத்தணும், வெள்ளம் நிக்காம வாட்டம் போடணும், வழுக்காத டைல்ஸ் ஒட்டணும். இருவத்தாறுக்குக் கொறஞ்சு நடக்காது.”

“இருவத்தஞ்சுதான் இருக்கு தம்பி.”

யோசுவா தலையைச் சொறிந்தான். தொட்டியை ஆயிரத்துக்கு ஓமனாவிடம் தள்ளிவிட்டு அந்தக் குறையை நிரப்பினான். ஒரு வாரத்தில் வேலை முடிந்தது. அன்றிலிருந்து இரண்டு மாசம், ஒரு நாள்கூடத் தப்பாமல், அவர் இரண்டு வேளையும் குளித்தார். அவளால் முடியும். அதைத்தான் மகன் வந்ததும் காட்ட நினைத்தாள்.

“தளவாய்...” என்று கூப்பிட்டாள். “அவிய போறதுக்கு முன்ன ஒருக்கா குளிக்கட்டும். நா எப்படிக் குளிப்பாட்டுகேன்னு நீயே நின்னு பாரு. பாத்த பெறவும் கொண்டு போணும்னா... கொண்டு போ. நா ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

“நீ ஒண்ணும் செய்யாண்டாம். மறுபடி எங்கயாச்சும் விழுந்து வைக்கதுக்கா? நா குளிப்பாட்டுகேன். நீ அங்க இரி!”

அவன் அப்பாவை அணைத்துப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனான். அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் தலை அழுத்திய பள்ளம் தலையணையில் இன்னும் இருந்தது. முதல் தடவையாக அவள் கைக்கு வேலை இல்லை. பதினோரு மணிக்கு மேல் இந்தக் கைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

உள்ளே தண்ணீர் விழுந்தது. கதவு ஒருக்களித்திருந்தது. தளவாய் சோப்புப் போட்டுக்கொண்டே பேசுவது கேட்டது.

“அம்ம ஒங்கள விட்டுட்டுக் கோயிலுக்குப் போனாளே... அன்னைக்கு எத்தன நேரம்ப்பா ஒத்தையில கெடந்திய? இனி அப்படி நடக்காது...”

‘ணங்’ என்று கம்பியில் ஒரு அடி விழுந்தது.

“அப்பா? என்னப்பா?”

“கோயி... இல்ல.” குழறல்தான். ஆனால் இரண்டு வருஷமாக மற்றவர் காதில் விழாத குரல்! “கோயில் இல்ல... இங்க.”

ஆவுடைத்தாய் பதறி ஓடினாள். “விடுங்க... அது எதுக்கு இப்பம்! சொல்லாண்டாம்!”

அவர் அவளைப் பார்க்கவில்லை. நனைந்த தலையோடு, இடது கையால் தொட்டி கிடந்த தரையைக் காட்டினார். கையை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி விளிம்பைக் காட்டினார். பிறகு அவள் மணிக்கட்டைக் காட்டினார்.

“இவ... கீழ. நா... மேல. துணி... இல்ல.” மூச்சு வாங்கியது. உதடு ஒரு பக்கமாகக் கோணியது. “பால்... வந்தா. இவ... வாய... நா பொத்தினேன்.”

அவர் தன் கையாலேயே தன் வாயைப் பொத்திக் காட்டினார். அப்படியே அழுதார். அந்தப் பெரிய மனிதர் மகன் முன்னால் விக்கி விக்கி அழுதார்.

தளவாய் கையிலிருந்து சோப்பு விழுந்தது. அப்பாவின் உடம்பைப் பார்த்தான், மெலிந்த அம்மாவைப் பார்த்தான். இந்தக் கனத்தை இவளா... தினமும் இரண்டு வேளையா...!

“எம்மா...” அப்படியே ஈரத்தரையில் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான். “ஏம்மா சொல்லல? எங்கிட்டயாச்சும் சொல்லக்கூடாதா? நா என்னெல்லாம் பேசினேன்...”

“கல்யாணம் ஆன நாள்லேருந்து அவிய எங்கிட்ட கேட்டு வாங்கினது அது ஒண்ணுதான் மக்ளே... வெளிய சொல்லாண்டாம்னு. எப்படிச் சொல்லுவேன்?” அடக்கி வைத்ததெல்லாம் அதற்கப்புறம் நிற்கவில்லை. “ஆனா... வெள்ளிக்கிழம தோறும் போன் செஞ்சியே. அப்பா எப்படி, மருந்து எப்படின்னு கேட்டியே. ‘நீ எப்படி இருக்க’ன்னு ஒரு தடவ கேட்டிருந்தா... ஒரே ஒரு தடவ... நா எல்லாத்தையும் சொல்லி அழுதிருப்பேன்லா!”

அவன் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு தேம்பினான். நாற்பது வயதை நெருங்குகிற பிள்ளையின் தலையை அவள் தடவிக்கொடுத்தாள். அவன் முடியில் நரை விழுந்திருந்தது. தெரிகிற அந்த ஒரு கண்ணால் அதை இப்போதுதான் பார்த்தாள்.

வாசலில் ஹாரன் சத்தம். தளவாய் எழுந்து ஈர உடுப்போடே வெளியே போனான். அவன் மலையாளத்தில் டிரைவரிடம் பேசுவதும் கட்டிய முன்பணம் திரும்பி வராது என்று டிரைவர் சொல்வதும் “பைசா போட்டே... அச்சன் எங்ஙோட்டும் வரில்லா” என்று இவன் சொல்வதும் கேட்டன. வண்டி திரும்பிப் போயிற்று.

முத்தாரம்மாள் சுவரோடு ஒட்டி நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. “மைனி... நா ஊரு பூரா சொல்லிட்டேனே... வலியசாலையில எங்க சம்மந்திமாருகிட்டகூட...”

“சொன்னத இனி வீடு வீடாப் போயா பொறுக்கிட்டு வருவ? விடு.” ஆவுடைத்தாய் அதற்கு மேல் அவளிடம் பேசவில்லை. மன்னித்துவிட்டதாகவும் சொல்லவில்லை.

அவர் உடம்பில் சோப்பு இன்னும் அப்படியே இருந்தது. சளி பிடித்துவிடும் என்று உள்ளே போனாள். குழாயோடு தொங்கிய கை ஷவரை எடுத்து அவர் தோளில் பிடித்தாள். சோப்பெல்லாம் போனதும் துண்டை எட்டி எடுக்கக் குனிந்தாள். அதற்குள் அவர் ஷவரை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நிதானமாகக் கீழே சாய்த்து அவள் கால்களில் தண்ணீரை விட்டார்.

அவள் துள்ளிப் பின்வாங்கினாள். “என்ன செய்யிதிய! எங் கால்ல போயி... எனக்கில்லா பாவம் வரும்!”

“நில்லு” என்றார்.

ஆவுடைத்தாய் நின்றாள். பித்தவெடிப்பில் தண்ணீர் பட்டு முதலில் எரிந்தது, பிறகு இதமாக இருந்தது. ஒரு கால் முடித்து மற்றக் காலுக்கு வந்தார். குளியலறை வாசலுக்குத் திரும்பி வந்த தளவாய் உள்ளே நுழையாமல் அப்படியே நின்றுவிட்டான். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அவளுக்கு ஒருவர் தண்ணீர் ஊற்றியது அதுதான் முதல் தடவை.