இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடிய கடிகாரம்

வந்த பெண்ணின் கைக்கடிகாரத்தில் மணி ஒன்றரை. துப்பறிவாளரின் அறைச் சுவரிலோ பதினொன்றுதான். முப்பது வருஷம் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்று, இப்போது துப்பறிவாளருக்கு உதவியாளராக இருக்கும் வாத்தியார் இதைப் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டால் அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"உங்க வாட்ச் கெட்டுப் போச்சும்மா."

"இல்ல சார். இது என் வீட்டுக்காரர் இருக்கற ஊர் மணி. கிழக்கே நாலாயிரம் கிலோமீட்டர்."

எட்டு மாதம் முன்பு, காலை ஒன்பது மணி விமானத்தில் வேலைக்குப் போனவர். அன்று ஒரே ஒரு செய்தி வந்தது. அதோடு போன் அணைந்துவிட்டது. விமான நிறுவனம் கையை விரித்துவிட்டது. நாளை மகளையும் அழைத்துக்கொண்டு அந்த ஊருக்கே போய்த் தேடப்போகிறாள். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கத்தான் வந்திருந்தாள்.

துப்பறிவாளர் பயணச்சீட்டின் நகலைப் பார்த்தார். புறப்பாடு 9.00, வருகை மாலை 4.30. பிறகு அவள் போனை வாங்கிப் படித்தார்: "இப்பத்தான் இறங்கினேன். இங்க மணி நாலரை. வாலுகிட்ட சொல்லிடு."

"வாலு யாரும்மா?"

"எங்க பொண்ணு. அவர் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவார்."

"அப்ப எழுதினது அவரேதான். வாத்தியாரே, நாலாயிரம் கிலோமீட்டர், மணிக்கு எண்ணூறு. எவ்வளவு நேரம்?"

"அஞ்சு மணி நேரம்!" வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சீட்டுல ஏழரை வருதே... ஆங்! இறங்கற நேரத்தை அந்த ஊர் மணியில போட்டிருக்கான். அங்க நாலரைன்னா இங்க ரெண்டு!"

"அவர் செய்தி அனுப்பின நேரம் இந்த போன்ல என்ன காட்டுது?"

வாத்தியார் எட்டிப் பார்த்தார். "நம்ம மணிக்கு நாலரை."

"விமானம் லேட்டாகியிருக்கலாம் சார்" என்றாள் அவள் அவசரமாக.

"லேட்டாகியிருந்தா அங்க ஏழு ஆகியிருக்கும்மா" என்றார் துப்பறிவாளர். " நாலரைன்னு எழுதியிருக்க மாட்டார். சீட்டைப் பார்த்து, இங்க நாலரை ஆகற வரைக்கும் காத்திருந்து அனுப்பியிருக்கார்."

"அவர் ஏறவே இல்ல!" வாத்தியார் மேசையைத் தட்டினார். விடை வந்த குஷி. அப்புறம்தான் எதிரே இருந்த முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். அவருக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

அவள் அழவில்லை. "ஏர்போர்ட்டுக்கு வர வேணாம்னு வாசல்லயே நிறுத்திட்டார் சார். பொண்ணு அழுவாளேன்னுதான்னு நினைச்சேன்."

துப்பறிவாளர் சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "நாளைக்குப் போகாதீங்கம்மா. அங்க தேட யாரும் இல்ல."

"அந்த போனுக்குத் தினமும் கூப்பிட்டுப் பார்ப்பேன். ராத்திரி நேரமாயிட்டா மட்டும் கூப்பிட மாட்டேன். அங்க தூங்கியிருப்பார், எழுப்ப வேணாம்னு."

கடிகாரத்தின் குமிழை இழுத்து, சுவரைப் பார்த்து முள்ளைப் பின்னுக்குத் திருப்பினாள்.

"பொண்ணு இதைப் பார்த்துத்தான், 'அப்பா இப்ப சாப்பிட்டிருப்பாரா'ன்னு கேப்பா. என்ன சார் சொல்லட்டும்?"