ஆளை அருகில் தேடவும்

மஞ்சள் எச்சரிக்கை திரையில் மறுபடியும் எழுந்தபோது சுஷ்மிதாவுக்கு எரிச்சல்தான் வந்தது. பயம் வரவில்லை.

'மூச்சு இம்மியும் மாறவில்லை. பட்டை உயிருள்ள உடலில் இல்லை. ஆளை அருகில் தேடவும்.'

அவளே எழுதிய வாசகம், மூச்சை அளக்கும் மார்புப் பட்டை கழன்று விழும் நேரங்களுக்காக. ஆஸ்துமா ஆராய்ச்சியாளர்களுக்கான அந்த மென்பொருள் தப்பான தரவைக் கண்டால் சும்மா மிரட்டக்கூடாது, என்ன செய்வதென்றும் சொல்ல வேண்டும் என்று மீட்டிங்கில் மல்லுக்கு நின்றவளும் அவள்தான். சோதனைக்குத் தன் மகனின் மூச்சையே கொடுத்திருந்தாள். ஆறு வயது ரித்திக், இழுப்புக்காரப் பிள்ளை, மார்பில் பட்டையோடு பக்கத்து அறையில் பகல் தூக்கத்தில் இருந்தான்.

காட்டுத்தீயின் புகைமூட்டத்துக்குப் பயந்து குவீன்ஸ்டவுன் வீட்டின் ஜன்னல்களை இறுக மூடியிருந்தாள். கருகிய வாடை எப்படியோ உள்ளே நுழைந்து, துணியிலும் நாக்கிலும் ஒட்டிக்கொண்டு, ஏர்கானின் முனகலோடு சேர்ந்து அந்த மத்தியானத்தையே கனக்க வைத்தது. எழுந்துபோய் எட்டிப் பார்த்தாள். கட்டிலில் பிள்ளை. போர்வை ஏறி இறங்கியது. அப்பாடா.

மேலாளர் வருணை அழைத்து எச்சரிக்கையைப் பற்றிச் சொன்னாள்.

"சாஃப்ட்வேர் பக் தான் சுஷ்மிதா. எதுக்கெடுத்தாலும் வார்னிங் வந்தா யூசர்ஸ் பயந்துடுவாங்க லா. மியூட் பண்ணிடுங்க."

"ஆமா, பையன் நல்லாத்தான் தூங்குறான்."

"அப்புறம் என்ன? இன்னிக்கு டெமோ இருக்கு."

எச்சரிக்கையை அணைத்தாள். திரையில் மூச்சின் அலைகள் மட்டும் ஒரே அச்சாக ஓடின. காபி கலந்து நிதானமாகக் குடித்தாள், பாவி.

"அம்மா." அறையிலிருந்து ரித்திக்கின் குரல்.

"என்ன கண்ணா?"

"அம்மா."

அதே ஏற்றம். அதே இழுவை.

"அம்மா."

கோப்பையைக் கீழே வைத்தாள். இழுப்புக்காரப் பிள்ளை. இந்தப் புகையில். ஒரு கரகரப்பு இல்லை. இருமல்கூட இல்லை. பிறந்ததிலிருந்து அவன் இத்தனை சீராக மூச்சு விட்டதே கிடையாது. பெற்றவளுக்கு இது தெரிய வேண்டாமா!

ஓடினாள்.

அறைக்குள் கால் வைத்ததும் கேட்டது. கட்டிலை ஒட்டிய துணி அலமாரிக்குள்ளிருந்து. அறுந்து அறுந்து வரும் இழுப்பு. அவளுக்குத் தெரிந்த மூச்சு. உள்ளிருந்து நகங்கள் கதவைச் சுரண்டின.

"ரித்திக்! அம்மா வந்துட்டேன்டா!"

கைப்பிடியை எட்டினாள். கட்டிலிலிருந்து ஒரு சின்னக் கை நீண்டு அவள் மணிக்கட்டைப் பற்றியது. உதறினாள். இழுத்தாள். கடித்தாள். பிடி தளரவில்லை.

சுரண்டல் மெலிந்தது.

இழுப்பு நின்றது.

கட்டிலில் கிடந்தது கண் திறக்காமலே சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.