ரெண்டு கண்ணும் நார்மல்

இமையைப் பிரித்துப் பிடித்தாள். சொட்டு மருந்து விட்டாள்.

வலது கண்ணுக்கு ஒன்று. இடது கண்ணுக்கு ஒன்று.

"எரியுதே, சிஸ்டர்..."

"எரியட்டும், டாக்டர்."

மணி பத்து இருபது. பதினோரு மணிக்கு மாடியில் விசாரணை. அதற்குள் முடித்தாக வேண்டும்!

நாற்காலியில் சாய்ந்திருந்தவர் அந்த மருத்துவமனையின் கண் டாக்டர். சர்க்கரை வியாதிக்காரர். வருஷத்துக்கு ஒருமுறை தன் கண்ணையும் காட்டிக்கொள்வார். விசாரணை நாளில் கண்ணுக்குச் சொட்டு மருந்தா என்று கேட்டதற்கு, பதில் சொல்ல வாய் போதுமே என்று சிரித்திருந்தார்.

ஆறு வருஷத்துக்கு முன் இங்கே குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதன் கேஸ் ஷீட்டில் அவர் எழுதினார்: 'பரிசோதித்தேன். ரெண்டு கண்ணும் நார்மல்.'

இன்று அந்தச் சிறுமி, அம்மா சிரிக்கிறாளா என்று உதட்டைத் தடவித்தான் தெரிந்துகொள்கிறாள்.

அந்த அம்மாதான் இந்த சிஸ்டர்!

இரண்டு மாதமாகக் கூடவே வேலை பார்க்கிறாள். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. குழந்தையையே பார்க்காதவர் தாயையா பார்த்திருப்பார்?

அவள் கொடுத்த புகாரின் பேரில்தான் இன்றைய விசாரணை. பார்த்தேன் என்று அவர் சாதித்தார். சாட்சி இல்லை. இன்றோடு ஃபைலை மூடிவிடுவார்கள்.

இருபது நிமிஷம் கண்ணைத் திறக்கக் கூடாது என்றாள். மூலையில் யாரோ செருமினார்கள்.

"யாரது?"

"ஒரு பெரியவர். கண் விஷயமா வந்திருக்கார்."

கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ஒரு சந்தேகம், டாக்டர். இருபத்தெட்டு வாரத்துல பிறந்த குழந்தை. ஒரு கிலோகூட இல்ல. நாற்பது நாள் ஆக்சிஜன். கண்ணைப் பார்த்தே ஆகணுமா?"

அவருக்குப் பாடம் நடத்தப் பிடிக்கும். குறைமாதம், குறைந்த எடை, அளவு மீறிய ஆக்சிஜன்... மூன்றும் சேர்ந்தால் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளரக்கூடும் என்றார். நாலாவது வாரமே பார்த்துவிட்டால் லேசர் வைத்துக் காப்பாற்றலாமாம்.

"பார்க்காம விட்டா?"

"திரை பிரிஞ்சு வந்துடும். அப்புறம் ஆண்டவனே வந்தாலும் இருட்டுதான்."

அவள் நகம் உள்ளங்கையில் பதிந்தது.

மேஜையில் கத்தரிக்கோல். கைக்கெட்டும் தூரத்தில் மூடிய இரண்டு கண்கள்... ஒரே குத்து!

கை நீண்டது. எடுத்தாள்.

பேனாவை.

"வார்டுல அதே மாதிரி ஒரு குழந்தை. நாளைக்குப் பார்க்கறீங்களா?"

"எதுக்கு? எழுதிக் கொண்டா. ரெண்டு கண்ணும் நார்மல்."

"பார்க்காமலா, டாக்டர்?"

"இருபது வருஷமா இப்படித்தான் ஓடுது, சிஸ்டர். கையெழுத்து எங்கே?"

மளமளவென்று எழுதினாள். பேனாவைக் கொடுத்து, அவர் விரலைப் பிடித்துக் காகிதத்தில் வைத்தாள். மூடிய கண்ணோடு கையெழுத்திட்டார்.

மூலை நாற்காலி கிறீச்சிட்டது. பெரியவர் வந்து காகிதத்தையும் பேனாவையும் வாங்கிக்கொண்டார்.

"விசாரணை அதிகாரி நான்தான், டாக்டர். இந்தம்மா கொஞ்சம் முன்னாடியே வரச் சொன்னாங்க."

டாக்டர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். எல்லாம் மங்கல். வெள்ளையாக ஒரு காகிதம் மட்டும் ஆடியது.

"அந்தக் குழந்தை..."

"வார்டுல அப்படி ஒரு குழந்தையே இல்ல," என்றாள் சிஸ்டர். "ஆறு வருஷத்துக்கு முன்னாடி இருந்தா. என் பொண்ணு."

"அப்ப... நான் யாருக்குக் கையெழுத்து போட்டேன்?"

"எனக்கு. இதுல எழுதியிருக்கறது என் பேர்," என்றார் அதிகாரி. பேனா முனையால் தன் வலது கண்ணைத் தட்டினார்.

டக்... டக்...

கண்ணாடிக் கண்!

"சின்ன வயசுல போன கண்ணு, டாக்டர். உங்க ஒரே கையெழுத்துல திரும்ப வந்துடுச்சு!"