தட்டிப் பார்க்காத பலாப்பழம்

"ஏங்க, இது பழுத்துடுச்சி. இன்னிக்கே அறுத்துடுங்க" என்று லோகநாயகி விரல் முட்டியால் அந்தப் பலாவைத் தட்டியபோது காலை ஏழு மணி. வாயில் பல்குச்சியோடு ஓடிவந்த பழனிவேல் அவள் கையை விசுக்கென்று தள்ளிவிட்டார்.

"தட்டாதன்னு எத்தினி வாட்டி சொல்றது? தட்டுனா வளர்ச்சி நின்னுடும்னு உன் தம்பி சொன்னானா இல்லியா?"

"அவன் சிதம்பரத்துல செல்போன் கவர் விக்கிறவன். பலா மரத்த அவன் எங்க பாத்தான்? நீங்க தட்டிச் சொல்றவரு..."

"நான் முன்னுக்கு வர்றது உனக்குப் பொறுக்கல. இனிமே மரத்துகிட்ட வராத."

இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவர் அப்படிப் பேசியதில்லை. அன்று அவள் வைத்த சாம்பாருக்குக் கண்ணீரே போதும்; தனியாக உப்புப் போட வேண்டியிருக்கவில்லை.

அண்ணாகிராமம் சுற்றுவட்டாரத்தில் பழனிவேல் தட்டாமல் ஒரு பலாவும் மரத்தை விட்டு இறங்காது. தட்டுவார், காதை வைப்பார், "வியாழக்கிழமை மத்தியானம்" என்பார். வியாழக்கிழமை மத்தியானம் தோப்பே மணக்கும். ஒருமுறை பழம் பழுக்கப் பன்னிரண்டு நிமிஷம் தாமதமானதற்குத் தோப்புக்காரர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டவர்.

அவருக்குத்தான் மச்சான் நடேஷ் ஆசை காட்டினான். "மாமா, கடலூர் கண்காட்சியில பெரிய பழத்துக்கு முதல் பரிசு. பேப்பர்ல உங்க போட்டோ வரும். ஒரே ஒரு காய வுட்டுட்டு மீதிப் பிஞ்செல்லாம் அறுத்துப் போடுங்க. அதுவரைக்கும் தட்டவே கூடாது."

முப்பத்தெட்டுப் பிஞ்சுகள் தரையில் விழுந்தன. மிஞ்சிய ஒன்று வளர்ந்தது. அதன் எடையைச் சொன்னால் நம்பமாட்டார்கள், எனவே பாதியைச் சொல்லலாம்: எண்பது கிலோ. அதன் நிழலில் இரண்டு கோழிகள் அடைகாத்தன. பழத்தைத் தாங்கக் கட்டியிருந்த கயிறு பாரம் பொறுக்காமல் அறுந்தபோது, லோகநாயகி தன் முகூர்த்தப் பட்டுப்புடவையைக் கிழித்துத் தூளி கட்டினாள். அவர் கவனிக்கவில்லை. அவர் பார்வையெல்லாம் பழத்தின் மேல்.

கையைத் தள்ளிவிட்ட அன்றிலிருந்து பதினொரு நாள் அவள் பழத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் கடலூர் மண்டபத்தில் மேஜை மேல் பழம் ஏறியது. மேஜை முனகியது. அதிகாரி கார்த்யாயினி அளக்கும் நாடாவோடு பக்கத்தில் வந்தார். பழம் ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு நடுவில் பிளந்து, உள்ளிருந்ததெல்லாம் கூழாக வழிந்து இறங்கியது. பாண்டிச்சேரி ஈக்கள் வரை வந்து சேர்ந்தன. நடேஷ் போனை அணைத்துவிட்டு, பாத்ரூம் எங்கே என்று யாரையோ கேட்டபடி சிதம்பரம் பஸ் ஏறினான்.

"இத யாருங்க தட்டிப் பாத்தது?" என்றார் அதிகாரி.

கூட்டத்தில் பாதிப்பேர் அண்ணாகிராமத்துத் தோப்புக்காரர்கள். எல்லாத் தலையும் பழனிவேல் பக்கம் திரும்பியது. இனி யார் அவரைக் கூப்பிடுவார்கள்?

லோகநாயகி முன்னால் வந்தாள். "நாந்தாங்க தட்டுனேன். இன்னும் காயிதான், தாங்கும்னு சொன்னதும் நாந்தான். அவர ஒண்ணும் சொல்லாதீங்க."

"பொம்பள பேச்சக் கேட்டா இப்பிடித்தான்" என்றது ஒரு குரல்.

பழனிவேல் கூழுக்குள் கையை விட்டு, பழத்தோடு வந்த பட்டுப்புடவைத் துண்டை உருவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார்.

"பொய் சொல்றாங்க அவுங்க" என்றார். அதுவரை அவளை 'அவுங்க' என்று மரியாதையாக அவர் சொன்னதில்லை. "பதினோரு நாளைக்கு முன்னாடியே பழுத்துடுச்சின்னாங்க. கைய தள்ளிவுட்டது நானு. கேக்கக் கூடாத பேச்சும் பேசினேன்..."

பண்ருட்டித் தோப்புக்காரர் கதிர்வேல் முன்னால் வந்தார். "அப்ப நாளைக்கு எங்க தோப்புக்கு அக்காதான் வரணும். நீ ஏணி புடிக்க வா பழனி."

"வரேன்" என்று அழுதார் பழனிவேல்.

லோகநாயகி அவர் கையைப் பிடித்தாள். அவர் அவளை அப்படியே கட்டிக்கொண்டார். எண்பது கிலோவுக்கு இரட்டிப்பான பழத்தின் பிசின் சும்மாவா? ஒட்டிக்கொண்டார்கள். மூன்றுபேர் இழுத்தும் பிரிக்க முடியவில்லை. அதிகாரியே ஆளனுப்பித் தேங்காய் எண்ணெய் வரவழைத்தார்.

"இப்ப வேணாம்மா" என்றாள் லோகநாயகி, புருஷன் தோளிலிருந்து முகத்தை எடுக்காமலே. "ஊருக்குப் போயி பாத்துக்கலாம். அவசரம் ஒண்ணும் இல்ல."