இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒரு கோடு

ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் இருந்தது தேவானையின் அலுவலகம். பழைய மென்பொருள்களைப் பிரித்துப் பார்த்து, உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்வது அவள் தொழில். அன்று காலை அவளைத் தேடி வந்த ஜுவேரியா, நாற்காலியில் சாய்ந்துகூட உட்காரவில்லை.

“எங்க டேட்டாபேஸுக்கு ஒரு படம் வேணும் மேடம். எந்த டேபிள் எதோட சேருதுன்னு காட்டுற படம். விசாரணைக் கமிட்டி கேக்குது.”

அடையாறில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனையின் நிர்வாகி அவள். முந்தைய வாரம் அங்கே புஷ்பம் என்ற மீன் விற்கும் பெண்ணுக்குப் பென்சிலின் ஊசி போட்டார்கள். அவளுக்கு அது ஒத்துக்கொள்ளாத மருந்து. மூச்சுத் திணறி, தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து பிழைத்தாள். ஊசி போட்டவள் டயானா என்ற நர்ஸ். இப்படிப்பட்ட நோயாளியின் பக்கத்தைத் திறந்தால் கம்ப்யூட்டர் திரையில் சிவப்பு எச்சரிக்கை வர வேண்டும். வரவில்லை என்றாள் டயானா. ஆனால் மறுநாள் கமிட்டி பார்த்தபோது புஷ்பத்தின் பக்கத்தில் எச்சரிக்கை பளிச்சென்று இருந்தது.

“அவ பாக்காம விட்டுட்டான்னு எல்லாரும் சொல்றாங்க,” என்றாள் ஜுவேரியா. “நோயாளி டேபிளுக்கும் எச்சரிக்கை டேபிளுக்கும் நடுவுல ஒரு கோடு இருக்குன்னு படத்துல தெரிஞ்சா போதும். பேரைப் பார்த்துத் தானே கோடு போடுற டூல் இருக்காமே, அதுலயே எடுத்துக் குடுத்துடுங்க.”

“எந்த டூல்னு நாங்க பார்த்துக்கறோம். அந்தம்மா இப்ப எப்படி இருக்காங்க?”

ஜுவேரியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “வீட்டுக்குப் போயிட்டாங்க. பாவம், அந்த பெசன்ட் நகர் பேஷன்ட்... இன்னும் மூச்சு வாங்குதாம்.”

அவள் போனதும் தேவானையின் கூட்டாளி பாரத் வேலையில் இறங்கினான். எதையும் தேவானைக்கு முன்னால் கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற துடிப்பு அவனுக்கு. டேட்டாபேஸின் நகல் வந்ததும் கைக்குக் கிடைத்த முதல் டூலில் போட்டான். திரை முழுக்கப் பெட்டிகள் சிதறி நின்றன; ஒவ்வொரு பெட்டியும் ஒரு டேபிள், அதாவது ஒரு விவரப் பட்டியல். கோடு ஒன்றுகூட இல்லை.

“முடிஞ்சது அக்கா. எதுக்கும் எதோடயும் தொடர்பே இல்ல. நர்ஸ் சொன்னதுதான் நிஜம்.”

“இந்த டூல், டேட்டாபேஸ்ல முறைப்படி எழுதி வச்ச உறவை மட்டும்தான் வரையும். எழுதலைங்கறதால உறவே இல்லைன்னு ஆகாது. நிறைய பேர் அதை புரோகிராமுக்குள்ளயே வச்சிடுவாங்க. வேற டூல் போடு.”

இரண்டாவது டூல் பெயரைப் பார்த்து ஊகிப்பது. இரு டேபிளிலும் ‘நோயாளி எண்’ என்று ஒரு கட்டம் இருந்ததால் நடுவே அழகாக ஒரு கோடு போட்டது. ஜுவேரியா கேட்ட அதே படம்.

“ரெண்டு பேருக்கு ஒரே இனிஷியல் இருந்தா அண்ணன் தம்பின்னு சொல்லிடுவியா?” என்றாள் தேவானை. “அந்தக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டுப் போய் மறுமுனையில யார் இருக்காங்கன்னு பாரு.”

பாரத் சில எச்சரிக்கைகளை எடுத்து, அவை யாருடைய பக்கத்தில் வருகின்றன என்று பார்த்தான். கொஞ்ச நேரத்தில் சிரித்துவிட்டான்.

“அக்கா, ‘கர்ப்பிணி, எக்ஸ்ரே எடுக்கக் கூடாது’. யாருக்குத் தெரியுமா? அங்கமுத்துன்னு ஒரு பெரியவருக்கு.” சொல்லி முடிப்பதற்குள் அவன் முகம் மாறியது. “அப்படின்னா நிஜமான கர்ப்பிணியோட பக்கத்துல ஒண்ணுமே வராது.”

மூன்றாவது டூல் மெதுவானது. அது பெயரை நம்பாமல் உள்ளே இருக்கும் விவரங்களையே ஒப்பிட்டது. சில எச்சரிக்கைகளின் எண்ணும் தேதியும் இப்போதைய நோயாளிகளோடு பொருந்தின. மற்றவை, யாரும் தொடாமல் ஓரமாகக் கிடந்த ஒரு டேபிளோடு பொருந்தின. அதன் பெயர் ‘பெசன்ட் நகர் பழையது’.

தேவானை உடனே மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பொறுப்பாளர் நாகராஜுக்கு போன் செய்தாள். “மொதல்ல எல்லா வார்டுக்கும் சொல்லிடுங்க சார். திரையை நம்ப வேணாம், வாயால கேட்டுட்டு ஊசி போடட்டும். அப்புறம் சொல்லுங்க, பெசன்ட் நகர்ல உங்களுக்குக் கிளை இருந்ததா?”

இருந்தது. இரண்டு மாதம் முன்பு அதை மூடி அடையாறோடு சேர்த்தபோது அங்கிருந்த நோயாளிகளுக்குப் புது எண் கொடுத்தார்கள். எச்சரிக்கைகளில் மட்டும் பழைய எண்ணே நின்றுவிட்டது. அதே எண் அடையாறில் வேறு ஒருவருடையது.

“ஆனா புஷ்பத்தோட எச்சரிக்கையில புது எண் இருக்கு அக்கா,” என்றான் பாரத். “பழைய டேபிள்ல அவங்க பேரும் இருக்கு. அங்கேருந்து வந்த எல்லாருக்கும் தப்பா இருக்கு, இவங்களுக்கு மட்டும் சரியா இருக்கு. யாரோ ஒரே ஒரு வரியைத் திருத்தியிருக்காங்க. நாகராஜாத்தான் இருக்கணும்.”

தேவானை வண்டிச் சாவியை எடுத்தாள்.

பட்டினப்பாக்கத்துக் குடியிருப்பில் புஷ்பம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கடலுக்கு எதிரே பிறந்து வளர்ந்தவள். வேறு எங்கும் குடியிருந்ததில்லை. பெசன்ட் நகர் ஆஸ்பத்திரிக்குப் போனதுண்டா என்று தேவானை கேட்டாள்.

“ஒரே ஒரு தபா. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயில் திருவிழாவுல மயக்கமாயிட்டேன். அங்கதான் இஸ்துகினு போய் சேத்தாங்கோ. ஊசி ஒத்துக்காதுன்னு அவங்கதான் எய்தி வச்சாங்கோ.”

“இதை அடையாறுல யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“யாரு கேட்டாங்கோ? இதுவரிக்கும் ஒருத்தரும் வந்து எட்டிப் பாக்கல. அந்த நர்ஸ் பொண்ணு மட்டும் அன்னிக்கு என் கைய புட்சிகினு அய்துகினே இருந்துச்சு. அது இப்ப நல்லா கீதா?”

மறுநாள் மருத்துவமனையின் கூட்ட அறையில் நால்வர் கூடியிருந்தார்கள்: ஜுவேரியா, நாகராஜ், கதவோரம் டயானா, மடிக்கணினியோடு பாரத். தேவானை மூன்று படங்களை மேசையில் பரப்பி, எது ஏன் பொய் சொல்கிறது, எது உண்மை சொல்கிறது என்று நிதானமாக விளக்கினாள்.

“புஷ்பத்தோட எச்சரிக்கை ஊசி போட்ட அன்னிக்கு வேற யாரோட பக்கத்துலயோ இருந்தது. டயானா பார்த்த திரையில சிவப்பு இல்ல. அதுக்கப்புறம் ஒருத்தர் காரணத்தைக் கண்டுபிடிச்சு அந்த ஒரு வரியை மட்டும் மாத்தியிருக்கார்.”

“சத்தியமா நான் இல்லைங்க,” என்றார் நாகராஜ்.

“தெரியும் சார். புஷ்பத்தோட இப்போதைய பக்கத்துல பெசன்ட் நகர்ங்கற பேரே கிடையாது. முகவரி பட்டினப்பாக்கம். அந்தம்மா அதை யார்கிட்டயும் சொல்லவும் இல்ல. பழைய டேபிளைத் திறந்து பார்த்தவங்களுக்குத்தான் அது தெரியும்.” தேவானை திரும்பினாள். “நீங்க என் ஆபீஸ்ல அவங்களை ‘பெசன்ட் நகர் பேஷன்ட்’னு சொன்னீங்க, ஜுவேரியா மேடம். எந்த டூல்ல படம் எடுக்கணும்னும் நீங்களே சொன்னீங்க.”

ஜுவேரியா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“கிளையைச் சேர்த்தப்ப, எச்சரிக்கையைத் தனியா சரிபார்க்கணும், டைம் குடுங்கன்னு நாகராஜ் கேட்டார். அடையாறுல புதுக் கட்டடத் திறப்பு விழா நெருங்கிட்டிருந்தது. அப்புறம் பார்த்துக்கலாம்னு நான்தான் சொன்னேன். புஷ்பத்துக்கு இப்படி ஆனதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. பழைய டேபிளைத் திறந்தேன். எச்சரிக்கையில பழைய எண்ணே நின்னிருந்தது. மொதல்ல அவங்க வரியை மாத்தினேன். மத்ததையும் மாத்தினா தெரிஞ்சிடும்னு விட்டுட்டேன். கமிட்டி முடியட்டும், அப்புறம் சத்தமில்லாம சரி பண்ணிடலாம்னு...”

“அதுவரைக்கும் அந்தக் கர்ப்பிணி?” என்றான் பாரத்.



“நானும் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன்,” என்றார் நாகராஜ், தரையைப் பார்த்தபடி. “திரும்பவும் கேட்டிருக்கணும்.”

கதவோரம் நின்ற டயானா முதல்முறையாக வாய் திறந்தாள். “அப்ப நான் பார்த்தப்ப சிவப்பு இல்லதானே மேடம்?”

“இல்ல டயானா,” என்றாள் தேவானை.

“நான் பார்த்தேனா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. எல்லாரும் சொல்லச் சொல்ல, பார்க்கவே இல்லைன்னு நம்பிட்டேன்.” அவள் குரல் உயரவில்லை. “ஞாயித்துக்கிழமை சர்ச்ல ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்தேன். அஜாக்கிரதையா ஒரு உயிரைக் கொல்லப் பார்த்தேன்னு.”

நாகராஜ் சத்தமில்லாமல் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, தவறான பக்கங்களில் தொங்கிய எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தார். பாரத் அவர் அருகே நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டான்.

ஜுவேரியா எழுந்து டயானாவிடம் போனாள். தோளைத் தொட நீண்ட கை பாதியில் நின்றது.

“கமிட்டிகிட்ட இன்னிக்கே எழுதிக் குடுத்துடறேன். அதுக்கு முன்னாடி புஷ்பத்தம்மாவைப் பார்த்துச் சொல்லணும். என்கூட வர்றியா?”

டயானா அவள் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“நீங்க தனியாப் போங்க மேடம்.”

ஜுவேரியா தலையசைத்தாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, படிகளில் இறங்கி, தனியாகவே போனாள்.