வாசலில் இருபத்து மூன்று பேர்

காலை மணி 10.15. தையல் மெஷின் பழுது பார்ப்பவர்களின் இணையக் குழுவில், உச்சியில் இருந்த அஞ்சலிப் படம் காணாமல் போனது. அங்கே ஒரு பூனை உட்கார்ந்திருந்தது.

பத்தரைக்கு மெக்கானிக் தம்பி மூச்சிரைக்க, அக்காவின் பட்டன் கடைக்குள் ஓடி வந்தான்.

"ஆறு மணிக்கு என்னைக் குழுவை விட்டுத் தூக்கப் போறாங்கக்கா! பழைய பாகம் எல்லாம் அங்கதான் கிடைக்குது. பொழப்பே போச்சு!"

"பூனை உன்னோடதுதானே?"

"ஆமா, பேரு சூப்பர்வைசர். நான் போடுற படத்துல எல்லாம் மெஷின் மேல உட்கார்ந்திருக்குமே, அதுதான். திங்கக்கிழமை செத்துப்போச்சு. அன்னைக்கு மத்தியானமே குழுவுல ஒரு பெரியவரும் தவறிட்டாரு. உச்சியில ஒரு படத்துக்குத்தான் இடம். ஓட்டு எடுத்தாங்க. பூனைக்கு அறுபத்தொண்ணு, அவருக்குப் பன்னிரண்டு. தலைவர்தான், 'மனுஷனைவிடப் பூனை ஒசத்தியா'ன்னு அவர் படத்தையே போட்டாரு."

"அதை நீ மாத்திட்டே."

"நான் மாத்தினா இந்தப் படத்தையா போடுவேன்? வாலே தெரியல!"

இந்த ஆதங்கத்தை நடிக்க அவனுக்கு வராது என்று அக்காவுக்குத் தெரியும். அவன் ஃபோனை வாங்கிப் பார்த்தாள். உச்சிப் படத்தை மாற்ற முடிந்த நிர்வாகிகள் மூவர்தான்: தலைவர், தம்பி, 'வாசல்'. அதன் கீழே, சேரக் காத்திருப்பவர்கள் இருபத்து மூன்று பேர்.

"யாருடா இந்த வாசல்?"

"அது ஆள் இல்லக்கா, மெஷின். புதுசா வர்றவங்களைத் தானா உள்ள விடும்."

11.40. தலைவரை ஃபோனில் பிடித்தாள்.

"பெரியவர் குழுவுக்கு என்ன செஞ்சாருங்க ஐயா?"

"ஆறு வருஷத்துல நாலு வரி எழுதினாரு."

"வாசல் கடைசியா ஆள் சேர்த்தது எப்போ?"

"இரும்மா... திங்கக்கிழமை காலையில. அதுக்கும் இதுக்கும் என்ன?"

மாலை 5.30. தலைவர், தம்பி, பெரியவரின் மகள் மூவரையும் ஒரே அழைப்பில் கூட்டினாள் அக்கா.

"மெஷினுக்குச் சாவு கிடையாது ஐயா. திங்கக்கிழமை மத்தியானத்தோட வாசல் நின்னுபோச்சுன்னா அது மெஷின் இல்ல, மனுஷன். அன்னைக்கு மத்தியானம் போன மனுஷன். அவரோட ஃபோனைக் கையில வச்சிருக்கிறவங்கதான் படத்தை மாத்தினது."

மகள் மூக்கை உறிஞ்சினாள்.

"நான்தான்க்கா. வாசல்ங்கிற பேர்ல எல்லாரையும் உள்ள விட்டது அப்பாதான். அப்பா படத்துக்குக் கீழ 'யாருப்பா இவரு?'ன்னு நாப்பது பேர் கேட்டிருந்தாங்க. தாங்க முடியல, எடுத்துட்டேன். தினமும் அந்தப் பூனையைப் பார்த்துத்தான் அப்பா சிரிப்பாரு. அதையே போட்டேன். பழி வேற ஆள் மேல விழும்னு தோணல."

தலைவர் தொண்டையைச் செருமினார். "தம்பி, நீ எங்கயும் போக வேண்டாம்."

"படத்தை நானே திரும்பப் போடுறேன் ஐயா," என்றான் தம்பி. "சூப்பர்வைசருக்கு ஓட்டுப் போட்ட அறுபத்தொரு பேரையும் அவர்தானே சேர்த்திருக்காரு."

5.58. பெரியவர் மறுபடி உச்சிக்கு வந்தார். படத்தின் கீழே தம்பி ஒரு வரி எழுதினான்: 'நம்மை எல்லாம் உள்ளே விட்டவர்.'

"என்னைத் தவிரன்னு சேர்த்துக்கப்பா," என்றார் தலைவர். "குழுவை ஆரம்பிச்சதே நான்தானே!"

"சும்மா இருங்க ஐயா," என்று அக்கா அழைப்பைத் துண்டித்தாள்.