காணாமல் போன மெழுகு வில்லை

காலை ஒன்பது மணி. சித்திகா பீரோவைத் திறந்து எவர்சில்வர் டப்பாவின் மூடியைத் தூக்கினாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த கண்ணாடித் தகடுகள் இரண்டும் இருந்தன. மெழுகு வில்லையைக் காணோம்.

கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். அதற்குள்தான் அவள் புருஷன் சஹீரின் மார்பில் துளை போட்டு எடுத்த நுரையீரல் சதை இருந்தது. புற்றுநோய்க்கு டாக்டர் எழுதின புது ஊசியைப் பரிசோதனை வைத்தியம் என்று சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிட்டது. சித்திகா விடாமல் மேல்முறையீடு போட்டாள். இந்த ஊசிக்குக் கட்டுப்படுகிற நோய்தான் என்று சதையைச் சோதித்துக் காட்டினால் பணம் தருகிறோம் என்றார்கள். இன்று சாயங்காலத்துக்குள் ஆய்வுக்கூடத்தில் ஒப்படைக்க வேண்டும். மறுபடி மார்பில் துளை போட்டால் சஹீர் தாங்கமாட்டான். உள்ளறையில் மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடந்தான்.

மாடிக்கு ஓடி கிருபாவதியைக் கூட்டிவந்தாள். போலீஸில் ஏட்டம்மாவாக இருந்து ஓய்வு பெற்றவள் கிருபாவதி.

"அழுவாத கண்ணு. கடைசியா எப்பப் பாத்தே?"

"ராத்திரி படுக்கறப்பக்கா. பீரோவைப் பூட்டறதில்லீங்க."

"உள்ள இருந்தது என்னன்னு யாருக்குத் தெரியும்?"

"நேத்து மத்தியானம் கம்பெனிக்காரன் ராசப்பன் விசாரிக்க வந்தான். எம்பட ஊட்டுக்காரரு சதைங்கன்னு எடுத்துக் காட்டினேன். மாமாகூட அப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டாரு. அந்த ராசப்பந்தான் எடுத்திருப்பான்க்கா!"

"மத்தியானம் போனவன் ராத்திரி இருந்த பொருளை எப்படி எடுப்பான்? மாயாவியா? கதவை யாரு திறந்தது?"

"வெடியால தொழுகைக்குப் போறப்ப மாமாதான்."

சஹீரின் அப்பா அப்துல் முத்தலிப் வாசப்படியில் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டின் முனை கிழிந்திருந்தது. "தேடாதீங்கம்மா. கெடைக்காது" என்றார்.

கிருபாவதி அவர் செருப்பைப் புரட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க பாய், பள்ளிவாசலுக்கு சிமெண்டு ரோடுதானுங்களே. செம்மண்ணு எங்கிருந்து ஒட்டுச்சு?"

பெரியவர் துண்டின் கிழிந்த முனையை உள்ளங்கைக்குள் சுருட்டினார்.

"கெடுக்க வந்தவனா இருந்தா டப்பாவோட தூக்கியிருப்பான். எடுத்தவரு கண்ணாடியைத் தொடல. சதையை மட்டும் எடுத்து, மூடியைப் பழையபடி மூடி வெச்சிருக்காரு. மதிச்சு எடுத்த கை அது. வெள்ளைத் துணியைக் கிழிச்சுச் சுத்தி, கபர்ஸ்தான்ல அடக்கம் பண்ணிப்போட்டீங்க. சரிங்களா பாய்?"

பெரியவர் உடைந்துபோனார்.

"என் மகன் சதைங்க. கண்டவன் கையில கொடுத்துச் சீவிப் பாப்பாங்களாம். உடம்புல இருந்து பிரிஞ்சதை மண்ணுக்குக் கொடுக்கறதுதானுங்க எங்க வழக்கம். துவா ஓதித்தான் வெச்சேன்."

சித்திகா அவர் காலடியில் உட்கார்ந்தாள். "மாமா, அது இல்லாட்டி அவருக்கு ஊசி கெடைக்காதுங்க. நீங்க பொதச்சது அவரையேதாங்க மாமா."

அவருக்கு அது அப்போதுதான் உறைத்தது. எழுந்து, செருப்பைக்கூட மறந்து நடந்தார்.

பெண்கள் இருவரும் கபர்ஸ்தான் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். "மெழுகுக்குள்ள தண்ணி எறங்காது கண்ணு" என்று கிருபாவதி சொல்லிக்கொண்டே இருந்தாள். உள்ளே பெரியவர் வெறுங்கையால் தோண்டினார். ஒரு இடத்தில் இல்லை. நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. பக்கத்தில் தோண்டினார். வெள்ளைத் துணி தெரிந்தது.

சித்திகா கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. "நானே கொண்டுட்டு வாரேன்" என்று ஆட்டோவில் ஏறினார்.

ஆய்வுக்கூடத்துப் பெண் மண்ணைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "முழுசா இருக்குதுங்க. சோதிச்சுச் சொல்றோம்."

"அம்மணி, மிச்சத்தைத் திருப்பித் தருவீங்களா?"

"எதுக்குங்கய்யா?"

பெரியவர் மண் படிந்த வெள்ளைத் துணியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். சித்திகா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கிக்கலாம் மாமா. அவரு பொழச்சு எந்திரிச்சு வந்து, அவரு கையாலயே அடக்கம் பண்ணட்டும்."